பிரிக்காமல் விட்ட குப்பையின் விலை

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் இன்று நடக்கும் வேலையைச் சுத்தம் செய்யும் வேலை என்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அது பிரிக்கும் வேலை என்பது புரியும். சுமார் 250 ஏக்கரில் மலையாய்க் கிடக்கும் 66 லட்சம் டன் பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, உலரவிட்டு, பெரிய சல்லடை உருளைகளில் சுழற்றுகிறார்கள். மண் தனியாகவும், கல்லும் கட்டட இடிபாடும் தனியாகவும், பிளாஸ்டிக்கும் துணியும் தனியாகவும், இரும்பு தனியாகவும் வந்து விழுகின்றன. இதற்குச் சென்னை மாநகராட்சி போட்டிருக்கும் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 640 கோடி ரூபாய். நகரின் இன்னொரு கிடங்கான பெருங்குடியில் இதே வேலை முன்பே தொடங்கிவிட்டது. அங்கே மதிப்பீடு சுமார் 350 கோடி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குப்பை கைமாறும் நொடியில் இரண்டு கூடைகளால் முடிந்திருக்க வேண்டிய காரியத்தைத்தான் இப்போது வட்டியும் முதலுமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இவ்வளவு செலவழித்தும் கிடைப்பது என்ன? சல்லடைக்குக் கீழே விழும் மண்ணில் கன உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். சோதிக்காமல் அதை வயலுக்கு எருவாகக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் பள்ளம் நிரப்பத்தான் உதவும். மண்ணேறி நைந்துபோன பிளாஸ்டிக்கை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்கமாட்டார். அது எரிபொருளாக அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரியில் போகிறது. வாசலில் பிரித்திருந்தால் விலைபோயிருக்கும் பொருளை இன்று காசு கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

உள்ளாட்சிகளின் குப்பை மேலாண்மை என்றதும் பேச்சு வண்டிகள், ஆலைகள், எந்திரங்கள் என்று போய்விடுகிறது. எந்த ஊரின் திட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன். குப்பை எந்த இடத்தில் பிரிக்கப்படுகிறது? பிரிப்பவருக்கு எதைக் கணக்கிட்டுக் கூலி கொடுக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்தே அந்தத் திட்டம் பத்தாண்டுகளில் எங்கே போய் நிற்கும் என்று பெருமளவுக்குச் சொல்லிவிட முடியும்.

நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, தேங்காய் நார், வாழை இலை, பூ. பால் கவரைக் கழுவி உலர்த்தி வைத்தால் அது நல்ல விலைக்குப் போகும் பொருள். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பெட் பாட்டில், அலுமினியத் தட்டு எல்லாமும் அப்படியே. இவற்றை நேற்றைய சாம்பாரோடு ஒரே பையில் போட்டுக் கட்டினால் சில மணி நேரத்தில் இரண்டு தரப்புக்கும் சேதம். அட்டை ஊறிப்போகிறது, பால் கவரில் அழுகல் ஒட்டிக்கொள்கிறது. ஈரக் குப்பையிலோ கண்ணாடித் துண்டும் பேட்டரியும் கலந்து, உரமாகும் தகுதியை அது இழக்கிறது. பிறகு எத்தனை கோடிக்கு எந்திரம் வாங்கினாலும், காலையில் அந்த வீட்டில் இருந்த நிலைக்கு அந்தப் பொருளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கிடங்கில் கொட்டிய பின் நடப்பது இன்னும் மோசம். காற்றுப் புகாத அடுக்குகளுக்குள் ஈரக் குப்பை அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. வெயில் காலத்தில் அது தீப்பிடிக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, நாள்கணக்கில் புகை சூழ்ந்ததைத் தென் சென்னைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் அதே குவியலிலிருந்து கறுப்பாய்க் கசியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் இறங்குகிறது. தீ எரிந்த அதே 2022இல்தான் அந்தச் சதுப்பு நிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது.

அழுகவிடாமல் எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்ற யோசனையும் புதிதல்ல. 1980களின் இறுதியில் தில்லி திமார்ப்பூரில் டென்மார்க் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலை ஒன்று கட்டினார்கள். சோதனை ஓட்டமாக மூன்று வாரம் ஓடியதோடு சரி. உலை எதிர்பார்த்த வெப்பத் திறனில் பாதிகூடத் தில்லிக் குப்பையில் இல்லை. ஈரமும் மண்ணும் நிறைந்த குப்பையை எரிக்கக் கூடுதல் எரிபொருள் தேவைப்பட்டது. அதே பாடத்தைச் சென்னை மறுபடி படிக்க வேண்டுமா என்று வட சென்னை மக்கள் கேட்கிறார்கள். கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் அவர்கள் மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். அனல் மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் புகையை ஏற்கெனவே சுவாசிக்கும் பகுதி அது. நகரம் பிரிக்க மறந்த குப்பைக்கும் அவர்களே நுரையீரலைக் கொடுக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

சட்டம் இல்லாததால் இந்த நிலை வந்தது என்று சொல்ல முடியாது. 1994இல் சூரத்தில் பிளேக் பரவிய பிறகு நகரச் சுகாதாரம் தேசியக் கவலையானது. 1996இல் சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. 2003 டிசம்பர் 31க்குள் ஒவ்வொரு நகராட்சியும் குப்பையைப் பதப்படுத்தும் வசதியை அமைத்துவிட வேண்டும் என்று அவை கெடு வைத்தன. கெடு வந்தது, போனது. 2016இல் வந்த புதிய விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீடுகளில் சேரும் அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தருவதை வீட்டாரின் கடமையாக்கின. குப்பை பொறுக்கி வாழ்பவர்களின் அமைப்புகளை அங்கீகரித்து முறைக்குள் சேர்க்க வேண்டும் என்றும் அவை உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. ஆக, எழுத்தில் எல்லாமே இருந்தன.

எழுத்தில் இருந்தது வாசலுக்கு வராததற்கு முக்கியக் காரணம் ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்குக் கொடுத்தபோது, அள்ளும் எடைக்கு, டன் கணக்கில் பணம் என்று ஏற்பாடு. நாட்டின் பல நகரங்களும் இதே வழியில் போயின. இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விசாரணையே தேவையில்லை. எடைக்குக் கூலி என்றால் எடை கூடுவதுதான் இலாபம். ஒரு தெருவார் ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கினால் ஒப்பந்ததாரருக்கு நட்டம். தெருவோரம் கிடக்கும் கட்டட இடிபாடு ஏறினால் வரவு. மக்காத குப்பையைத் தனியாக வாங்கித் தனியாக வைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எடைமேடையில் இரண்டும் ஒன்றுதான். அக்கறையுள்ள இல்லத்தரசி இரண்டு வாளிகளில் பிரித்துக் கொடுப்பார், அவர் கண்முன்னாலேயே இரண்டும் ஒரே வண்டிக்குள் கவிழ்க்கப்படும். மறுநாள் அவர் எதற்குப் பிரிக்க வேண்டும்? மக்களுக்குப் பொறுப்பில்லை என்று மேடைகளில் பேசுபவர்கள் இந்த ஒரு காட்சியைக் கவனத்தில் கொள்வது நல்லது.

உள்ளாட்சிகளின் குப்பைச் செலவில் பெரும்பகுதி சேகரிப்புக்கும், அடுத்த பங்கு போக்குவரத்துக்கும் போய், பதப்படுத்துவதற்கு ஐந்து சதவீதம்கூட மிஞ்சுவதில்லை என்ற கணக்கு இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வாசலிலிருந்து கிடங்குக்குக் குப்பையை இடம் மாற்றுவதற்கே பணம் தீர்ந்துபோகிறது.

இதற்கு மாற்றாக ஓர் ஊர் எப்படி நடக்க முடியும் என்பதைக் கேரளத்தின் ஆலப்புழையில் பார்க்கலாம். கால்வாய்களும் மணலுமான அந்தச் சிறு நகரம் பல ஆண்டுகளாகத் தன் குப்பையைப் பக்கத்துக் கிராமப் பகுதியான சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. நாற்றத்தையும் கெட்டுப்போன கிணறுகளையும் சகித்துப் பார்த்த அந்த ஊர் மக்கள் ஒரு கட்டத்தில் லாரிகளை மறித்தார்கள். நகரத்துக்கோ கொட்டுவதற்கு வேறு இடமில்லை. தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பை தேங்கியது. சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊருக்கு அது பிழைப்புப் பிரச்சினையும்கூட. 2012இல் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியில் ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோகவே கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

முடிந்த வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்கள். இடமில்லாத வீடுகளுக்குக் குழாய் உரத் தொட்டிகள். இரண்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு வார்டுகளில் பொது உரத் தொட்டிகள். இந்தப் பொதுத் தொட்டி தும்பூர்முழி முறை எனப்படுகிறது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவானது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்ட ஒரு பெட்டி. காற்று புகுந்து வெளிவர நாற்புறமும் இடைவெளி. அடியில் அரையடிக்குப் பசுஞ்சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு. பெட்டி நிறையும்வரை இதே வரிசை. சாணத்தின் நுண்ணுயிர்கள் காற்றோடு சேர்ந்து வேலை செய்யும்போது உள்ளே வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. நோய்க்கிருமிகளும் ஈ முட்டைகளும் அந்தச் சூட்டில் மடிந்துவிடும். காற்று புகுவதால் மீத்தேன் உண்டாக வழியில்லை, நாற்றமும் இல்லை. மூன்று மாதத்தில் உரம் தயார். இதில் மின்சாரமோ வெளிநாட்டு எந்திரமோ எதுவும் கிடையாது. ஆனால் தொட்டியருகே ஒரு பணியாளர் நிற்க வேண்டும்: பிளாஸ்டிக் பையோடு வருபவரைத் திருப்பியனுப்ப, சருகைச் சரியான அளவில் பரப்ப, ஈரம் மிகாமல் பார்த்துக்கொள்ள. அந்தப் பணியாளரை நிறுத்த நகராட்சி பணம் செலவழித்தது. திட்டம் நிலைத்ததற்கு நான் காணும் காரணம் இதுதான். தொட்டியை மட்டும் கட்டிவிட்டுப் போன எத்தனையோ ஊர்களில் அவை சிறு குப்பைமேடுகளாகிவிட்டன. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்காகச் சுட்டிய உலகின் ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

அதே மாநிலத்தில், ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கொச்சி வேறு வழியில் போனது. நகரக் குப்பை முழுவதும் பிரம்மபுரத்தில் கொட்டப்பட்டது. 2023 மார்ச் 2ஆம் தேதி அங்கே பிடித்த தீ பன்னிரண்டு நாள்கள் வரை எரிந்தது. கடற்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டின, பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தோடு இருந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே சட்டம், ஒரே மழை. கேரளம் முழுவதும் குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடுவீடாகச் சென்று மக்காத குப்பையைக் கட்டணம் பெற்றுச் சேகரிக்கும் முறை, இந்தத் தீக்குப் பிறகு இன்னும் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது.

கேரளத்தின் கல்வியறிவும் அரசியல் விழிப்பும் இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்குச் சத்தீஸ்கரின் அம்பிகாபூர் பதில் சொல்கிறது. அதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. அவர் அதைத் திட, திரவ வள மேலாண்மை என்று அழைக்கிறார். குப்பை அழுகுமுன் கைக்கு வந்துவிட வேண்டும், வந்தவுடன் பிரித்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். சர்குஜா மாவட்ட ஆட்சியராக இருந்த ரிது சைன், 2014-15 வாக்கில் அவருடைய வழிகாட்டலில் இதை அம்பிகாபூரில் தொடங்கினார். ஒரு வார்டில் தொடங்கி 48 வார்டுகளுக்கும் விரிந்தது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த 447 பெண்கள் இந்தப் பணியில் அமர்ந்தார்கள்.

காலையில் சிவப்பு, பச்சை என இரு பிரிவுகள் கொண்ட வண்டியோடு அவர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். கலந்து கொடுத்தால் வாசலிலேயே சொல்லிப் பிரிக்கவைக்கிறார்கள். பிறகு கொட்டகைக்குத் திரும்புகிறார்கள். அங்கே மேசைகளைச் சுற்றி நின்றுகொண்டு மறுபடி பிரிப்பு நடக்கிறது. நின்றுகொண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்: தலைமுறை தலைமுறையாகக் குனிந்தும் குந்தியும் குப்பைமேட்டில் செய்த வேலைக்கு மேசை உயரம் கிடைத்திருக்கிறது, கையுறையும் தலைக்குமேல் கூரையும் கிடைத்திருக்கின்றன. பால் கவர் வேறு, எண்ணெய்க் கவர் வேறு. வெள்ளைத் தாள் வேறு, செய்தித்தாள் வேறு. செருப்பு தனி, பல் துலக்கும் பிரஷ் தனி. இப்படி நூற்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் வாங்க ஆள் கிடைக்கிறார். ‘கலவைப் பிளாஸ்டிக்’ என்று மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்காத விலை அது. வீட்டார் தரும் மாதக் கட்டணமும் விற்பனை வரவும் இந்தப் பெண்களின் ஊதியத்துக்குப் போகின்றன. ஊரின் பழைய குப்பைக் கிடங்கு, சுமார் 16 ஏக்கர், இன்று பூங்கா.

அம்பிகாபூர் ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் ஊர். பெருநகரத்துக்கு அது பொருந்தாது என்பார்கள். அப்படியானால் புணேயைப் பார்க்கலாம். அங்கே 1993இல் குப்பை பொறுக்கும் பெண்கள் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். தங்கள் வேலை பிச்சையோ திருட்டோ இல்லை, நகரத்துக்குத் தாங்கள் செய்யும் சேவை என்பதே அவர்கள் முதலில் வைத்த வாதம். நகராட்சியின் ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். பிறகு அவர்களே உறுப்பினர்களான ‘ஸ்வச்ச’ கூட்டுறவுச் சங்கம், 2008இல் புணே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பணம் வரும் வழி இங்கே தலைகீழ். வீட்டார் தரும் மாதக் கட்டணம் பணியாளர் கைக்கே போகிறது, பிரித்தெடுக்கும் பொருளை விற்ற காசும் அவருக்கே. எடை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கிடங்குக்குப் போகாமல் எவ்வளவு பிரிகிறதோ அவ்வளவு அவருக்கு வரவு. மாநகராட்சிக்கு லாரிச் செலவு மிச்சம். ஆனாலும் ஒவ்வொரு முறை ஒப்பந்தக் காலம் முடியும்போதும் அந்தப் பெண்கள் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு நீண்ட கால ஒப்பந்தம் தரத் தயங்காத உள்ளாட்சிகள் இவர்களுக்கு மட்டும் குறுகிய காலம் வைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

சென்னையில் இந்த ஒப்பந்தக் கேள்வி 2025 ஆகஸ்டில் தெருவுக்கே வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்; பல ஆண்டுகள் அதே தெருக்களில் வேலை செய்தவர்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தப் போராட்டத்தைச் சம்பளப் பிரச்சினையாக மட்டுமே பலர் பார்த்தார்கள். எந்த வீட்டில் பிரித்துக் கொடுக்கிறார்கள், எந்தக் கடை இரவில் கொட்டுகிறது, எந்தத் திருமண மண்டபத்தின் எச்சில் இலை எந்த முனையில் வந்து சேர்கிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்களை மாற்றினால், இந்த அறிவும் சேர்ந்தே வெளியேற்றப்படுகிறது. தரம் பிரித்தல் என்ற பணி முழுக்க முழுக்கப் பழக்கத்தின் மீதும் அறிமுகத்தின் மீதும் நிற்பது. தினமும் அதே அக்கா வந்து நின்று ‘இதை ஏம்மா இதுல போட்டீங்க’ என்று கேட்கும்போது மாறும் வீடுகள், சுவரொட்டியைப் பார்த்து மாறுவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்குப் பொதிகளை யாரும் வாங்குவதில்லை; பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும். குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும் இன்னொரு தலைவலி. தயாரித்தவரே திரும்பப் பெறும் பொறுப்பை 2016இன் பிளாஸ்டிக் விதிகள் உற்பத்தியாளர்மீது வைத்தன. நடைமுறையில் அந்தச் சுமையின் பெரும்பங்கை உள்ளாட்சிதான் இன்றும் தூக்குகிறது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது நல்ல தொடக்கம். ஆனால் மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷேக்களுக்கான கணக்கை அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களிடம் கேட்கும் வலு ஒரு பேரூராட்சிக்கு இல்லை. அது மாநில, ஒன்றிய அரசுகள் செய்ய வேண்டியது.

தமிழ்நாட்டின் நகரங்களில் நுண் உர மையங்களும், மக்காத குப்பையைப் பிரிக்கும் கொட்டகைகளும் இன்று பரவலாக இருக்கின்றன. கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் 2020 வாக்கில் போட்ட ஒப்பந்தங்கள் எடைக் கூலியைக் கைவிட்டு, வீடுதோறும் சேகரிப்பு, தரம் பிரிப்பு போன்றவற்றை அளந்து பணம் தரும் முறைக்கு நகர்ந்தன. திசை சரி. ஆனால் அந்த அளவீட்டை யார் சரிபார்க்கிறார்கள், ஊர் மக்களுக்கு அதன் முடிவு தெரிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய மலைகளை 640 கோடிக்கும் 350 கோடிக்கும் கரைத்துக்கொண்டிருக்கும்போதே, கலந்த குப்பை தினமும் ஆயிரக்கணக்கான டன் வந்துகொண்டிருந்தால் அடுத்த தலைமுறை இன்னொரு கொடுங்கையூரைக் கிளற வேண்டியிருக்கும்.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து தமிழக நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் நடக்கும்போது போங்கள். குப்பை வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் வார்டுக் குப்பை எந்தக் கொட்டகையில் பிரிகிறது, ஒப்பந்ததாரருக்குப் பணம் எடைக்கா பிரித்தெடுப்புக்கா, பிரிக்கும் பெண்ணுக்கு மாதம் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.